எஞ்சினுக்குக் கடிவாளம் தண்ணீர்

ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த அவுட்போர்டு மோட்டார் நடுக்கடலில் திடீரென்று ரேஸ் ஆகிறது. சத்தம் கீச்சென்று ஏறுகிறது. படகோ முன்னே போக மறுக்கிறது. கைப்பிடியை யாரும் கூடுதலாகத் திருகவில்லை. அப்படியென்றால் இந்த வேகம் எங்கிருந்து வந்தது?

எஞ்சினின் வேகத்தைத் தீர்மானிப்பது த்ராட்டில் மட்டும் அல்ல, விசிறி தள்ளும் தண்ணீரும்தான். நீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. அதில் விசிறியை இரண்டு மடங்கு வேகமாகச் சுழற்ற, ஏறத்தாழ எட்டு மடங்கு திறன் தேவை. இந்தச் சுமைதான் பெரும்பாலான மோட்டார்களை நிமிடத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரம் சுற்றுகளுக்குள் பிடித்து வைக்கும் கடிவாளம். அது நழுவினால் ஆபத்து. வேகம் இரட்டித்தால், பிஸ்டனை நிறுத்தித் திருப்பும் விசை நான்கு மடங்காகும். கனெக்டிங் ராடு முறிந்துபோகலாம்.

சுமை பல வழிகளில் நழுவும். மோட்டாரை உயரமாக மாட்டியிருந்தாலோ, படகைச் சட்டென்று ஒடித்துத் திருப்பினாலோ, விசிறி மேற்பரப்பிலிருந்து காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். விசிறிக்குச் சற்று மேலே இருக்கும் தட்டையான தகடு இதைத் தடுப்பதற்காகத்தான்.

மேலிருந்து காற்று வராமலேயே நீருக்குள் குமிழி பிறப்பதும் உண்டு. அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் 24இல் ஒரு பங்குக்குக் குறைந்தால், 30 டிகிரித் தண்ணீர்கூடக் கொதிக்கும். வேகமாகச் சுழலும் இதழின் முதுகுப்புறத்தில் அழுத்தம் அந்த அளவுக்குச் சரிகிறது. நீராவிச் சுழலியைக் கண்டுபிடித்த சார்லஸ் பார்சன்ஸுக்கு 1894இல் நேர்ந்தது இதுதான். அவருடைய ‘டர்பினியா’ கப்பலில் ஆற்றலுக்குக் குறைவில்லை. ஆனால் எதிர்பார்த்த வேகம் வரவில்லை. ஒற்றை விசிறி நீராவிக் குமிழிகளுக்குள் சுழன்றுகொண்டிருந்தது. சிறு தொட்டி ஒன்றில் இதைச் சோதித்துப் பார்த்த அவர், மூன்று தண்டுகளில் ஒன்பது விசிறிகளைப் பொருத்திச் சுமையைப் பங்கிட்டார். 1897இல் பிரிட்டிஷ் கடற்படை அணிவகுப்பில் அந்தக் கப்பல் 34 நாட் வேகத்தில் பாய்ந்தது.

விசிறிக்குள்ளேயும் கோளாறு இருக்கலாம். பல மோட்டார்களில் விசிறிக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் புஷ் உண்டு. பாறையில் அடித்தால் கியர் உடையாமல், அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்வது அதன் வேலை. சிறிய மோட்டார்களில் அதே வேலையை ஷியர் பின் செய்கிறது; உடைய வேண்டும் என்றே செய்யப்பட்ட ஊசி அது. ரப்பர் தேய்ந்துவிட்டால் படகு மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது, முறுக்கினால் வழுக்கும். விசிறியின் பின்பக்கம், நடுக்குழலிலிருந்து வெளிவளையம் வரை பெயின்ட்டால் ஒரே கோடாக இழுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். திரும்பி வரும்போது கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் குற்றவாளி புஷ்தான்.

நியூட்ரலிலேயே வேகம் தானாக ஏறினால் கதை வேறு. முதலில் த்ராட்டில் கேபிள் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தால், டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் சந்தேகம் காற்றுக் கசிவின் மேல் விழும். அதில் பெட்ரோல் கலவை கிராங்க் கேஸ் வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகிறது. ஆயில் சீல் காய்ந்தாலோ கேஸ்கெட் விரிசல் விட்டாலோ, கார்புரேட்டருக்குத் தெரியாமல் காற்று நுழையும். கலவையில் பெட்ரோல் குறையும், வேகமும் சூடும் ஏறும். பெட்ரோலோடு வரும் ஆயிலும் குறைவதால் உராய்வும் கூடும்.

சில வேளைகளில் சுவிட்சை அணைத்தாலும் இந்த எஞ்சின் நிற்காது. சிலிண்டரில் கனன்றுகொண்டிருக்கும் கரித்துகளே பொறியின் வேலையைப் பார்த்துவிடும். எரிபொருள் குழாயைப் பிடுங்கினாலும் கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சம் இருக்கும். அது தீரும் தறுவாயில் கலவை இன்னும் வறண்டு, வேகம் ஒருமுறை கூடவும் செய்யும். அப்போது சோக்கை முழுதாக இழுத்துவிடுவதே நல்லது. காற்று வழி அடைபட்டு, பெட்ரோல் மிகுந்து, எஞ்சின் மூச்சுத் திணறி நிற்கும்.

ஆகவே ரேஸ் ஆகும் எஞ்சினிடம் முதலில் பார்க்க வேண்டியது, கியரில் இருக்கும்போது மட்டும் அலறுகிறதா, நியூட்ரலிலும் அலறுகிறதா என்பதைத்தான். முன்னதென்றால் விசிறிப் பக்கம் போகலாம்; பின்னதென்றால் மூடியைக் கழற்றலாம்.