ஒரு எண் மாறினால் யார் பொறுப்பு? டேட்டாபேஸ் லைப்ரரிக்குள் நடக்கும் மொழிபெயர்ப்பு

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல ஒரு ஆர்டர் ஐடி இருக்குன்னு வச்சுக்கோங்க: 9007199254740993. அதை ஜாவாஸ்கிரிப்ட்டோட சாதாரண நம்பரா மாத்தினா 9007199254740992ன்னு ஆயிடும். எர்ரர் வராது, வார்னிங்கும் வராது. ஆனா நீங்க திறக்குறது வேற ஒருத்தரோட ஆர்டர்.

இதைத் தடுக்க வேண்டியது நடுவுல இருக்குற கிளையன்ட் லைப்ரரி. அதை எப்படி வடிவமைக்கலாம்?

முதல்ல டீகோடிங். போஸ்ட்கிரெஸ் சர்வர் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு டைப் எண் அனுப்பும். 23ன்னா 4 பைட் முழு எண், 20ன்னா 8 பைட் முழு எண், 1700ன்னா துல்லியமான தசம எண். அதுக்கப்புறம் ஒவ்வொரு மதிப்புக்கும் முன்னாடி அதோட நீளம் வரும். நீளம் 0ன்னா காலி ஸ்ட்ரிங், -1ன்னா நல். ரெண்டும் ஒண்ணு இல்ல, குழப்பிக்கக் கூடாது.

ஆக, லைப்ரரிக்குள்ள இருக்குறது ஒரு அட்டவணை: இந்த டைப் எண்ணுக்கு இந்த டீகோடர். இங்கதான் முக்கியமான முடிவு வருது. வசதியா, துல்லியமா? என் கட்சி துல்லியம்தான். நோட் ஜேஎஸ்ஸுக்கான பிரபலமான போஸ்ட்கிரெஸ் லைப்ரரி, 8 பைட் எண்ணை ஸ்ட்ரிங்காத்தான் திருப்பித் தரும். பாக்க எரிச்சலா இருக்கும், ஆனா ஒரு இலக்கம்கூடத் தொலையாது. நம்பராவே வேணும்னா, டெவலப்பர் தெரிஞ்சே டீகோடரை மாத்திக்கலாம்.

நேரத்துலயும் இதே சிக்கல். போஸ்ட்கிரெஸ் மைக்ரோசெகண்ட் வரைக்கும் வச்சிருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் டேட் மில்லிசெகண்டோட நின்னுடும். கடைசி மூணு இலக்கம் சத்தமில்லாம காணாமப் போகும்.

அடுத்தது என்கோடிங். நீங்க 5ன்னு கொடுத்தா அது முழு எண்ணா, தசமமா? லைப்ரரி யூகிக்கத் தேவையில்ல. குவெரியை முதல்ல தயார் பண்ணச் சொன்னா, எந்த இடத்துக்கு எந்த டைப் வேணும்னு சர்வரே சொல்லிடும். அதுக்கேத்த மாதிரி பைட்டா மாத்தணும். 4 பைட் எண்ணோட உச்சம் 2147483647. அதுக்கு மேல 300 கோடின்னு யாராவது கொடுத்தா, வெட்டி அனுப்பாம அங்கேயே எர்ரர் காட்டணும்.

நாமளே உருவாக்குற ஈனம் மாதிரி டைப்புகளோட எண் டேட்டாபேஸுக்கு டேட்டாபேஸ் மாறும். அதனால கோடுல எழுதி வைக்காம, இணைஞ்சதும் சர்வர்கிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

உங்க லைப்ரரியைச் சோதிக்க ஒரு எளிய வழி: நல், காலி ஸ்ட்ரிங், மிகப் பெரிய எண், மைக்ரோசெகண்ட் நேரம். நாலையும் எழுதி, திரும்பப் படிங்க. போனது அப்படியே வருதா? வரலைன்னா, உங்க பயனர்களுக்கு முன்னாடி நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!