இடார்சியில் வண்டி திரும்பினால் அஜந்தா

சரோஜினி நகர்த் தமிழர்களுக்கு ஊருக்குப் போகும் ரயில் பாதை மனப்பாடம். ஆக்ரா, ஜான்சி, போபால், இடார்சி, நாக்பூர், விஜயவாடா, சென்னை. கண்ணைக் கட்டி விட்டாலும் சொல்லிவிடுவோம். இடார்சியில் வண்டி நிற்கும். இறங்கி ஒரு டீ குடிப்போம். மறுபடி ஏறிப் படுத்துக்கொள்வோம். அதே இடார்சியிலிருந்து மும்பைப் பக்கம் இன்னொரு பாதை பிரிகிறது என்பதையோ, அதில் போனால் புசாவலைத் தாண்டி ஜல்காவ் வருகிறது என்பதையோ, அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் அஜந்தா இருக்கிறது என்பதையோ நாற்பது வருஷமாக நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

தமிழில் எழுதும்போது எல்.டி.சி. என்றால் லோயர் டிவிஷன் கிளார்க்கும் அதுதான், லீவ் டிராவல் கன்செஷனும் அதுதான். முதல் எல்.டி.சி.யாக உத்தியோகத்தில் சேர்ந்த நாள் முதல், இரண்டாவது எல்.டி.சி.யை மாயவரத்துக்கே செலவழித்துத் தீர்த்தேன். நாலு வருஷத்துக்கு ஒருமுறை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் தங்கைக்குக் கல்யாணம், சித்தப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், குலதெய்வத்துக்குப் பொங்கல் என்று ஏதாவது ஒன்று வந்து அதை மாயவரத்துக்கே திருப்பிவிடும். ரிடையர்மென்ட் நெருங்கிய பிறகுதான் விழித்துக்கொண்டேன். கடைசி எல்.டி.சி.க்கு அஜந்தா என்று முடிவு செய்தேன்.

என் தாயாருக்கு எண்பது வயது. "சாமி இல்லாத கோயிலுக்கு எதுக்குடா அவ்வளவு தூரம்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. "புத்தர் இருக்கிறார் அம்மா" என்றேன். "அவர் பெண்டாட்டி பிள்ளையை விட்டுட்டு ராத்திரியில எழுந்து போனவர்தானே?" என்றார். என் மனைவி சிரித்துவிட்டாள். "அத்தை, வந்துதான் பாருங்களேன்" என்று அவள் சொன்ன பிறகே அம்மா சம்மதித்தார்.

போக நினைப்பவர்களுக்கு முதலில் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை அஜந்தாவுக்கு விடுமுறை. எங்கள் பிளாக்கில் இருந்த ஒரு நண்பர் குடும்பத்தோடு திங்கட்கிழமை போய் இறங்கி, மூடிய கேட்டுக்கு முன்னால் புளியோதரை சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார். எல்லோராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டாவது, ஜல்காவிலிருந்து அரசு பஸ்ஸில் போனால் அந்த டிக்கெட் எல்.டி.சி. பில்லில் சேரும். தனியார் டாக்ஸி சொகுசாகத்தான் இருக்கும்; பணம் திரும்ப வராது.

நாங்கள் போனது டிசம்பரில். குகைகளுக்கு 4 கிலோமீட்டர் முன்பே வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். அங்கிருந்து அவர்கள் விடும் பஸ்ஸில்தான் போக வேண்டும். பிறகு படிகள். அம்மாவுக்கு டோலி வைத்தோம். நாற்காலியின் இரு பக்கமும் கம்பு கட்டி நாலு பேர் தோளில் தூக்குகிறார்கள். "ஐயோ, என்னைச் சுமக்கிறாங்களே, பாவம்" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். தூக்கியவர்களுக்குத் தமிழ் புரியாது. ஆனாலும் பாட்டியம்மா ஏதோ ஆசீர்வாதம் செய்கிறார் என்று எண்ணித் தலையாட்டினார்கள்.

குதிரை லாடம் போல் வளைந்த மலை. கீழே வாகோரா என்ற சிற்றாறு. மலையின் வயிற்றில் வரிசையாக 30 குகைகள். இயற்கைக் குகைகள் அல்ல. கருங்கல் பாறையை உளியால் குடைந்து எடுத்த மண்டபங்கள். முதலில் கூரையைச் செதுக்கி, பிறகு கீழே இறங்கி வந்து தரையைச் செதுக்கியிருக்கிறார்கள். ஆகவே சாரம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒரு தூண் தவறி உடைந்தால் வேறு தூண் கொண்டுவந்து நிறுத்தவும் முடியாது! சில குகைகள் கிறிஸ்துவுக்கு முந்தியவை. பெரும்பாலானவை ஐந்தாம் நூற்றாண்டில் வாகாடக அரசன் ஹரிஷேணன் காலத்தில் குடையப்பட்டவை. அவனுடைய மந்திரி வராகதேவன் 16-ஆம் குகையைத் தன் செலவில் செய்வித்ததாகக் கல்வெட்டே இருக்கிறது.

காடு மூடிக் கிடந்த இந்த இடத்தை 1819 ஏப்ரலில் ஜான் ஸ்மித் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி வேட்டைக்கு வந்தபோது கண்டார். அவர் சென்னை ராஜதானிப் படையைச் சேர்ந்தவர்! கண்டவர் சும்மா போகவில்லை. 10-ஆம் குகைத் தூணில், ஓவியத்தின் மேலேயே, தம் பெயரையும் தேதியையும் கீறிவிட்டுப் போனார். இன்று அந்தப் பெயர் நம் தலைக்கு மேலே இருக்கிறது. அவர் வந்தபோது குகைக்குள் அவ்வளவு உயரத்துக்கு மண்ணும் குப்பையும் மேடிட்டுக் கிடந்ததாம். நம் ஆட்கள் மகாபலிபுரத்தில் பெயர் எழுதுவதைத் திட்டும்போது இவரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

சென்னைப் படையிலிருந்து வந்த இன்னொருவர் கதை சோகமானது. ராபர்ட் கில் என்ற அந்த அதிகாரியை, இந்த ஓவியங்களை நகல் எடுக்கும்படி கம்பெனி 1844-இல் அனுப்பியது. வெயில், காய்ச்சல், காட்டு மிருகங்கள் இவற்றுக்கு நடுவே வருஷக்கணக்கில் உட்கார்ந்து வரைந்தார். வரைந்தவை லண்டனுக்குப் போய்ப் படிக மாளிகையில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1866-இல் அங்கே தீப்பிடித்து, சில தவிர அத்தனையும் சாம்பலாயின. மனிதர் மறுபடி வரையத் தொடங்கினார்! 1879-இல் இறந்த அவரைப் புசாவலில் அடக்கம் செய்திருக்கிறார்கள். கிரிஃபித்ஸ் என்பவர் பம்பாய் ஓவியப் பள்ளி மாணவர்களோடு வந்து எடுத்த நகல்களிலும் பல 1885-இல் லண்டனில் எரிந்தன. ஃபைல்களோடு வாழும் நமக்கு இது வேடிக்கையாகப் படும். நகல்கள் போயின; அசல் இருக்கிறது.

அந்த அசலும் சேதப்பட்டுத்தான் இருக்கிறது. பாறையின் மேல் மண்ணோடு உமியும் நாரும் கலந்து பூசி, அதன் மேல் மெல்லிய சுண்ணாம்பு அடித்து, காய்ந்த பிறகு தீட்டிய சித்திரங்கள் இவை. சிவப்பும் மஞ்சளும் காவி மண். கறுப்பு விளக்குக் கரி. நீலத்துக்கு மட்டும் ஆப்கானிஸ்தானத்திலிருந்து கல் வந்திருக்கிறது. 1920-ஐ ஒட்டி நிஜாம் அரசாங்கம் இத்தாலியிலிருந்து நிபுணர்களை வரவழைத்து உதிர்வதைத் தடுத்தது. ஆனால் அப்போது பூசிய அரக்கு வார்னிஷ் பிற்பாடு மஞ்சளித்தது. நல்லது செய்யப்போய் வந்த வினை.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு ஒரு செய்தி. சீன யாத்திரிகர் யுவான் சுவாங் தக்காணத்து மலை மடம் ஒன்றை வர்ணிக்கிறார். வாசலில் இரண்டு கல் யானைகள் உண்டு என்றும், அவை சில சமயம் பிளிறினால் பூமி அதிரும் என்று ஜனங்கள் சொல்வதாகவும் எழுதியிருக்கிறார். அது அஜந்தாதான் என்பது அறிஞர்கள் கருத்து. யானைகள் இரண்டும் 16-ஆம் குகைக்குக் கீழே நிற்கின்றன. பௌத்த தர்க்க சாஸ்திர மேதை திங்நாகர் அந்த மடத்தில் அடிக்கடி தங்கியதாகவும் அவர் குறித்திருக்கிறார். திங்நாகர் காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்பது திபெத்தியர் கூறும் வரலாறு. வேலை நிமித்தம் வடக்கே வந்த தமிழர்களில் நாம் ரொம்பப் பிந்தியவர்கள்.

முதல் குகையில் தாமரை ஏந்திய போதிசத்துவர். காலண்டரில் பார்த்துப் பார்த்துப் பழகிய முகம், நேரில் வேறாக இருக்கிறது. 26-ஆம் குகையில் சுமார் 24 அடி நீளத்தில் நிர்வாணம் அடையும் புத்தர் படுத்திருக்கிறார். ஆனால் நான் சொல்ல வந்தது 17-ஆம் குகையைப் பற்றி.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். இருட்டுப் பழகச் சற்று நேரம் பிடித்தது. கர்ப்பக்கிருகத்துக்கு முன்னுள்ள அறையின் சுவரில், கையில் பிச்சைப் பாத்திரத்தோடு புத்தர் மிகப் பெரியவராக நிற்கிறார். எதிரே, சின்னஞ்சிறு உருவங்களாக ஒரு பெண்ணும் ஒரு பையனும். யசோதரையும் ராகுலனும். ஞானம் பெற்றுச் சொந்த ஊருக்குத் திரும்பியவரிடம், "இவர்தான் உன் அப்பா, போய் உன் பங்கைக் கேள்" என்று தாய் மகனை அனுப்பிய கட்டம். நான் என் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா ஒன்றும் பேசவில்லை.

என் தகப்பனார் 1962-இல் டெல்லிக்கு வந்தவர். கரோல் பாக்கில் ஒரே அறையில் நாலு பேராகக் குடியிருந்து, மெஸ்ஸில் சாப்பிட்டு, வருஷத்துக்கு ஒருமுறை ஜி.டி. எக்ஸ்பிரஸில் வருவார். சரோஜினி நகரில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது 1974-இல். அதுவரை அம்மா ஊரில், மாமியார் வீட்டில். நான் பிறந்ததே தந்தியில்தான் அவருக்குத் தெரியும். மூன்று வயதில் அவரை வாசலில் பார்த்ததும் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன் என்று பாட்டி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல, "பிள்ளையை முன்னால தள்ளுறா பாரு" என்றார். "நானும் இப்படித்தான் உன்னைத் தள்ளினேன். நீ போகலை. அவரும் கையை நீட்டலை. பெட்டியைத் திறந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து நீட்டினார். அதுக்கப்புறம்தான் போனே."

இந்த பிஸ்கட் டப்பா விஷயம் எனக்கு அதுவரை தெரியாது. அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

காவலர் அடுத்த கூட்டத்தை விட வேண்டும் என்று அவசரப்படுத்தினார். அம்மா அந்தப் பெண்ணை இன்னொருமுறை பார்த்துவிட்டு, "இவளுக்காவது வாசலுக்கு வந்தார்" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். டோலிக்காரர்களுக்குப் பேசிய கூலிக்கு மேலே அவர் முடிச்சிலிருந்து ஐம்பது ரூபாய். ஜல்காவ் ஸ்டேஷனில் வாழைப்பழம் வாங்கினோம். அந்த ஜில்லாவே வாழைக்குப் பேர் போனது. நம் பூவனுக்கு ஈடில்லை என்று அம்மா தீர்ப்புச் சொன்னார்.

லீவு கிடைக்காதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் ஆஃப் கைலாஷ் போய் வரலாம். அங்கே பாறையில் வெட்டிய அசோகர் சாசனம் ஒன்று 1966-இல் கண்டுபிடிக்கப்பட்டது. டெல்லியில் எத்தனையோ வருஷம் குப்பை கொட்டியவர்களில் அதைப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

நாங்கள் குடியிருந்த பழைய பிளாக் இப்போது இல்லை. பழைய வீடுகளை இடித்து மாடி மாடியாகக் கட்டுகிறார்கள். விநாயகர் கோயிலில் சாயங்காலம் கூடும் மாமிகளிடம் அம்மா அஜந்தாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். டோலி, படி, வாழைப்பழம் எல்லாம் சொல்கிறார். 17-ஆம் குகையை மட்டும் சொல்வதில்லை. பில்லை ஆபீஸில் கொடுத்துவிட்டேன், பாஸ் ஆகிவிட்டது. டோலிக் கூலி அதில் சேராது, நானும் எழுதவில்லை.