குடியுரிமைத் தேர்வு இந்தியாவில் இல்லை... ஆனா குரூப் 4 இருக்கு! சொந்த ஊரை வைத்தே பாலிட்டி படிப்பது எப்படி?

அமெரிக்கக் குடியுரிமைக்கு இப்போது விண்ணப்பிப்பவர் 128 கேள்விகளைப் படித்துக்கொண்டு போக வேண்டும். அதிகாரி 20 கேள்விகள் வரை கேட்பார். 12-க்குச் சரியாகச் சொன்னால் பாஸ். பிரிட்டனில் 24-க்கு 18 எடுக்க வேண்டும். அரசு எப்படி இயங்குகிறது, நாட்டின் வரலாறு என்ன, குடிமகனின் உரிமையும் கடமையும் என்ன என்பதுதான் சிலபஸ்.

இந்தியாவில் இப்படி ஓர் எழுத்துத் தேர்வு கிடையாது. ஆனால், கிட்டத்தட்ட அதே சிலபஸை தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானோர் விழுந்து விழுந்து படிக்கிறார்கள். அதுதான் டி.என்.பி.எஸ்.சி குரூப் 4. பத்தாம் வகுப்பு தேர்ச்சி போதும் என்பதால், திருத்தங்கல், சிவகாசி பக்கம் பட்டாசு, தீப்பெட்டி, அச்சகத் தொழிலை நம்பியிருக்கும் வீடுகளுக்கு அரசு வேலையின் முதல் கதவு இதுதான்.

தேர்வு எப்படி இருக்கும்?

மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள், 3 மணி நேரம். 100 கேள்விகள் தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு. தமிழில் 40 சதவீதம், அதாவது 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். விடை தெரியாத கேள்வியைச் சும்மா விடக் கூடாது. அதற்கென்றே இருக்கும் 'இ' கட்டத்தை நிரப்ப வேண்டும்.

பொது அறிவில் பலரைக் குழப்புவது பாலிட்டி. பிரிவு எண், திருத்தம் எண், ஆண்டு என எல்லாமே எண்கள். எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் மறந்துபோகும். எண்ணுக்குப் பின்னால் ஒரு சம்பவம் இருந்தால் மறக்காது. அந்தச் சம்பவங்களில் பல விருதுநகர் மாவட்டத்திலேயே நடந்தவை.

பிரிவு 24: சிவகாசியே உதாரணம்

14 வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொழிற்சாலையிலோ, சுரங்கத்திலோ, ஆபத்தான வேலையிலோ அமர்த்தக் கூடாது என்கிறது பிரிவு 24. சிவகாசி தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் குழந்தைகள் வேலை செய்தது பற்றி எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலைக்கு வைத்தவர் ஒரு குழந்தைக்கு ரூ.20,000 கட்ட வேண்டும், அது அந்தக் குழந்தையின் நலனுக்கான நிதியில் சேர வேண்டும் என்றது.

இங்கே ஒரு பொறி இருக்கு. அரசமைப்புச் சட்டத்தில் வயது 14 தான். ஆனால், 2016-ல் வந்த சட்டத் திருத்தத்தின்படி 14 முதல் 18 வயது வரையிலானவர்களையும் ஆபத்தான தொழில்களில் சேர்க்கக் கூடாது. கேள்வி எதைக் கேட்கிறது என்று பார்த்து விடையளிக்க வேண்டும்.

பிரிவு 19-ஆ, 21-ஆ?

தொழில் செய்யும் உரிமை பிரிவு 19-ல் வருகிறது. வாழும் உரிமை பிரிவு 21. இரண்டும் மோதினால்? பட்டாசுக்குத் தடை கேட்டு டெல்லியில் மூன்று பச்சிளங்குழந்தைகள் பெயரில் 2015-ல் தொடரப்பட்ட வழக்கில் நடந்தது அதுதான். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் முழுத் தடை விதிக்க மறுத்தது. ஆனால், சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை போட்டு, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி தந்தது. ஊரில் ஆயிரக்கணக்கானோரின் கூலியைப் பாதித்த தீர்ப்பு இது.

கடமைகள்: 10 + 1

1976-ல் 42-வது திருத்தம் மூலம் பிரிவு 51ஏ வந்தது; அப்போது 10 கடமைகள். 2002-ல் 86-வது திருத்தம் பதினொன்றாவதைச் சேர்த்தது: 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைக்குப் பெற்றோர் கல்வி வாய்ப்பு தர வேண்டும். அதே திருத்தம்தான் கல்வியை 21ஏ பிரிவில் அடிப்படை உரிமையாகவும் ஆக்கியது. ஆக, பிரிவு 24 குழந்தையை ஆலையிலிருந்து வெளியே எடுக்கிறது, 21ஏ பள்ளிக்குள் அழைத்துப்போகிறது.

அடிக்கடி ஏமாற்றும் கேள்வி: ஓட்டுப் போடுவதும் வரி கட்டுவதும் அடிப்படைக் கடமையா? இல்லை. பட்டியலில் இரண்டுமே கிடையாது.

இன்னும் மூன்று உள்ளூர் கொக்கிகள்

* உள்ளாட்சி: நகராட்சியாக இருந்த திருத்தங்கல் 2021-ல் சிவகாசி மாநகராட்சியோடு சேர்ந்தது. நகர்ப்புற உள்ளாட்சி என்றால் 74-வது திருத்தம், 12-வது அட்டவணை, 18 பொருள்கள். ஊராட்சி என்றால் 73-வது திருத்தம், 11-வது அட்டவணை, 29 பொருள்கள்.

* மாநிலப் பெயர்: 'தமிழ்நாடு' எனப் பெயர் கேட்டு 1956-ல் விருதுநகரில் உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார், அக்டோபர் 13 அன்று உயிர் நீத்தார். சட்டமன்றத் தீர்மானம் 1967 ஜூலை 18. பெயர் அமலுக்கு வந்தது 1969 ஜனவரி 14. மாநிலப் பெயரை மாற்றும் அதிகாரம் பிரிவு 3-ன்படி நாடாளுமன்றத்துக்கே.

* சிலப்பதிகாரம்: திருத்தங்கலின் பழைய பெயர் தங்கால். அந்த ஊர் வார்த்திகனைப் பொய்க் குற்றம் சாட்டிச் சிறையில் தள்ளியதும், தவறு உணர்ந்த பாண்டியன் அவனை விடுவித்து ஊரையே கொடையாகத் தந்ததும் கட்டுரை காதையில் வருகிறது. தமிழ்ப் பகுதிக்கு உதவும்.

எதிலிருந்து படிப்பது?

முதலில் 6 முதல் 10 வரையிலான சமச்சீர் சமூக அறிவியல், தமிழ்ப் புத்தகங்கள். பாடநூல் கழக இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அடுத்து, டி.என்.பி.எஸ்.சி தளத்தில் உள்ள பழைய வினாத்தாள்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வ பயிலும் வட்டத்தில் இலவசப் பயிற்சி உண்டு. ஷிப்ட் முடிந்து படிப்பவர்கள் ஒரு நாளைக்கு ஒரு பிரிவு, அதற்கு ஒரு சம்பவம் என்று வைத்துக்கொண்டால் போதும்.

காலிப் பணியிடங்கள் சில ஆயிரம், எழுதுபவர்கள் பல லட்சம். எல்லோருக்கும் வேலை கிடைக்காது என்பது கசப்பான உண்மை. ஆனால், 18 வயது ஆகாத பக்கத்து வீட்டுப் பையனைப் பட்டாசு ஆலை வேலைக்குக் கூப்பிடுவது சட்டவிரோதம் என்று சொல்லத் தெரிந்த ஒருவர், ரிசல்ட் எப்படி வந்தாலும், அந்தத் தெருவுக்குத் தேவைப்படுவார்.