டர்பன்: சீனிக்காகப் போன தமிழரும் மிஞ்சிய பெயர்களும்

ஈஸ்ட் ஹாமில் 474 பஸ் ஏறினால், சில்வர்டவுனில் டேட் அண்ட் லைல் சீனி ஆலையைக் கடந்து போகலாம். 1878இல் ஹென்றி டேட் தொடங்கிய ஆலை. பிள்ளைகளோடு அந்தப் பக்கம் போகும்போது சொல்ல ஒரு கதை இருக்கு. அந்தக் காலத்துச் சீனிக்குப் பின்னால் எங்கட ஆக்களின் உழைப்பும் இருந்தது, தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில்.

டர்பன் அப்போது நேட்டால் காலனியின் துறைமுகம். சுற்றிலும் கரும்பு. உள்ளூர் ஸுலு மக்களுக்குச் சொந்த நிலமும் மாடும் இருந்ததால், வெள்ளையரின் தோட்டத்தில் கட்டுப்பட்டு வேலை செய்ய அவர்கள் பெரிதாக விரும்பவில்லை. எனவே 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு வந்து சேர்ந்தது. 1911 வரை இந்தியாவிலிருந்து ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள்; பெரும் பகுதி சென்னை வழியாக. ஆரம்பச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங்.

ஒப்பந்தம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பவில்லை. கொஞ்ச நிலம் பிடித்துக் காய்கறி போட்டார்கள், மீன் பிடித்தார்கள், கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக விற்றார்கள். டர்பன் நகரம் சாப்பிட்டது இவர்கள் விளைத்ததைத்தான். கூலியாக வந்தவன் போட்டியாளனாகிவிட்டான் என்று வெள்ளையருக்குப் பொறுக்கவில்லை. 1895 சட்டம், ஒப்பந்தம் முடிந்தும் தங்குபவர் ஆண்டுக்கு 3 பவுண் வரி கட்டவேண்டும் என்றது. கணக்குப் பாருங்கோ: 60 ஷில்லிங், அதாவது ஆறு மாதச் சம்பளம்! 1903இல் அதைப் பிள்ளைகள் மேலும் போட்டார்கள்: 16 வயதுப் பையனுக்கும், 13 வயதுப் பெண்ணுக்கும். 1913இல் காந்தி தொடங்கிய போராட்டத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு வரி ஒழிந்தது.

பிறகு நிறவெறி அரசு. 1950ஆம் ஆண்டுச் சட்டம் இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்தது. கேட்டோ மேனரில் தோட்டமும் கோயிலுமாக வாழ்ந்த குடும்பங்களை எழுப்பி, 1960களில் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். காணி போனது, கோயிலும் காவடியும் இன்றும் இருக்கு. தமிழ்? பெரும்பாலான வீடுகளில் இன்று ஆங்கிலம்தான். பள்ளிக்கூடமும் வேலையும் ஆங்கிலத்தில். தமிழ், கோயிலும் சங்கங்களும் நடத்திய சின்ன வகுப்புகளில். அவர்கள் மொழியை மதிக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். பிழைப்பு அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நாங்கள் தமிழில் பேரம் பேசி முருங்கைக்காய் வாங்குவதுபோல, அவர்களின் சந்தையிலும் ஒரு காலத்தில் தமிழ் கேட்டது.

பெயர்கள் மட்டும் போகவில்லை. ஆங்கில எழுத்துக்குள் போய்க் கவுண்டர் 'கவெண்டர்' ஆனார், முதலி 'மூட்லி' ஆனார். தமிழ் தெரியாத ஒரு மூட்லியை நீங்கள் லண்டனிலேயே சந்திக்கலாம். அடுத்த முறை சந்தித்தால், எந்தக் கப்பலில் வந்த குடும்பம் என்று கேட்டுப் பாருங்கோ. சிலர் கப்பல் பெயரையே சொல்லுவினம்.