வெளிநாட்டில் படிப்பு, ஊரிலிருந்து சம்பளம்: பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை



நம் பகுதிப் பிள்ளைகள் பலர் மேற்படிப்புக்காக வெளிநாடு செல்கிறார்கள். சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம், "அங்கே போனாலும் லேப்டாப்பில் நம் வேலையைத் தொடருங்கள்" என்று நிறுவனமே சொல்வதும் உண்டு. சம்பளம் வழக்கம்போல ஊர் வங்கிக் கணக்கில் வரும், கல்விக் கடன் தவணையும் கட்டிவிடலாம் என்று பெற்றோரும் நிம்மதி அடைகிறார்கள். "கம்பெனி இந்தியாவில், பணமும் இந்தியாவில். இதில் அந்த நாட்டுக்கு என்ன சம்பந்தம்?" என்பதுதான் பலரின் எண்ணம்.

அந்த எண்ணம் தவறு. பிள்ளை எந்த மண்ணில் உட்கார்ந்து வேலை செய்கிறார் என்பதைத்தான் சட்டம் முதலில் பார்க்கிறது. சம்பளம் எங்கிருந்து வருகிறது, எந்தக் கணக்கில் விழுகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பிரிட்டனில் விசா விதி

பிரிட்டனில் மாணவர் விசாவில் பட்டப்படிப்போ முதுகலையோ முழுநேரமாகப் படிப்பவர், பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். பட்டப்படிப்புக்குக் கீழான படிப்பு என்றால் 10 மணி நேரம். விசா கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே இறுதி. இந்திய நிறுவனத்துக்காக அறையில் அமர்ந்து செய்யும் வேலையும் இந்தக் கணக்கில் சேரும். கடையில் 15 மணி நேரம், இந்திய நிறுவனத்துக்கு 10 மணி நேரம் என்றால் 25 ஆகிவிடும். அது விதிமீறல்.

வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் 25, அடுத்த வாரம் 15, சராசரி 20 என்று கணக்குக் காட்ட முடியாது. முதுகலை மாணவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோடையில் வகுப்பு இல்லாவிட்டாலும், ஆய்வேடு எழுதும் அந்த மாதங்கள் பொதுவாகப் பாடக் காலமாகவே கருதப்படும். விடுமுறை என்று நினைத்து முழுநேர வேலையில் இறங்கிவிடக் கூடாது.

இதைவிட முக்கியமானது, மாணவர் விசாவில் சுயதொழில் அறவே கூடாது என்பது. மணிக்கணக்கு எவ்வளவு குறைவாக இருந்தாலும் கூடாது. இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். பிள்ளை கிளம்பியதும், சில நிறுவனங்கள் அவரை ஊழியர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, 'கன்சல்டன்ட்' என்று புதிய ஒப்பந்தம் போடுகின்றன. வேலை அதேதான், பணமும் அதேதான். ஆனால் மாதாமாதம் சம்பளச் சீட்டு வருவதற்குப் பதிலாக, பிள்ளை இன்வாய்ஸ் அனுப்பிப் பணம் பெறுகிறார். இது சுயதொழிலாகக் கருதப்பட வாய்ப்பு அதிகம். இணையத்தில் ஃப்ரீலான்ஸ் வேலை எடுப்பதும், யூடியூப் சேனல் நடத்திச் சம்பாதிப்பதும் இதே ஆபத்துதான்.

விதிமீறல் தெரிய வந்தால் பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். விசா ரத்தாகலாம், படிப்பு பாதியில் நிற்கலாம். நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் கட்டிய ஃபீஸ் திரும்பி வராது. அடுத்தடுத்த விசா விண்ணப்பங்களிலும் அந்தக் கறை தொடரும். படிப்பை முடித்தபின் பெறக்கூடிய கிராஜுவேட் விசாவில் சுயதொழிலுக்குத் தடையில்லை. அதுவரை பொறுப்பதே நல்லது.

எல்லா நாட்டுக்கும் ஒரே விதி அல்ல

கனடாவில், பாடக் காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம் வேலை செய்யலாம். 2024 நவம்பரிலிருந்து இந்த அளவு. ஆனால் கனடாவுக்கு வெளியே உள்ள நிறுவனத்துக்கு ஆன்லைனில் செய்யும் வேலை இந்த 24 மணி நேரத்தில் சேராது என்று அந்நாட்டுக் குடியேற்றத் துறையே கூறுகிறது. மாணவர் அனுமதியின் மற்ற நிபந்தனைகளைக் கடைப்பிடித்தால் போதும். ஆகவே கனடாவில் படிக்கும் உறவினர் பிள்ளை செய்வதைப் பார்த்து, பிரிட்டனில் இருப்பவர் அதையே செய்யக் கூடாது.

வரி

வரி என்றதும் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் தொகை சிறியதுதான், கணக்குக் காட்டுவதுதான் அவசியம். பிரிட்டனில் உட்கார்ந்து செய்த வேலையின் சம்பளம், பணம் இந்தியாவில் விழுந்தாலும், பிரிட்டனில் ஈட்டிய வருமானமே. அங்கே ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை வரியில்லை. மாதம் 40,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 4.8 லட்சம், அது 5,000 பவுண்டைக்கூடத் தொடாது. கடையில் வாங்கும் சம்பளத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அந்நாட்டு நிறுவனம் சம்பளத்திலேயே வரியைப் பிடித்துக் கட்டிவிடும். இந்திய நிறுவனம் அங்கே அப்படிச் செய்யாது என்பதால், மாணவரே வரித்துறையிடம் விசாரித்துக்கொள்ள வேண்டும். அங்கே வரி ஆண்டு ஏப்ரல் 6 முதல் மறு ஏப்ரல் 5 வரை.

கனடாவில் மணிக்கணக்கில் சேராத வேலைக்கும் வரிக் கணக்கு உண்டு. அங்கே வரி நோக்கில் வசிப்பவராகக் கருதப்படும் மாணவர், உலகில் எங்கிருந்து வரும் வருமானத்தையும் காட்ட வேண்டும்.

இந்தியப் பக்கம் மூன்று விஷயங்கள்:

1. செப்டம்பரில் கிளம்பும் மாணவர், அந்த நிதியாண்டில் பெரும்பாலும் இந்தியாவில் வசிப்பவராகவே கருதப்படுவார். வெளிநாட்டில் வாங்கிய சம்பளத்தையும் இங்கே காட்ட வேண்டிவரும். அங்கே கட்டிய வரிக்கு இங்கே கழிவு கேட்கலாம்.

2. அடுத்த ஆண்டு முதல் அவர் என்ஆர்ஐ ஆகலாம். அப்போதும், சம்பளம் நேராக இந்தியக் கணக்கில் விழுந்தால் இங்கே வரிக் கேள்வி எழும். இந்தியாவும் பிரிட்டனும் செய்துகொண்ட இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தின்படி விலக்குக் கேட்க, பிரிட்டன் வரித்துறையின் வசிப்பிடச் சான்று தேவை. 12 லட்சம் வரை வரியில்லை என்ற சலுகை இந்தியாவில் வசிப்போருக்கு மட்டுமே, என்ஆர்ஐக்குக் கிடையாது.

3. படிப்புக்காக வெளிநாடு செல்பவரை அந்நியச் செலாவணிச் சட்டப்படி என்ஆர்ஐயாகவே கருத வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2003-லேயே தெளிவுபடுத்திவிட்டது. எனவே அவருடைய சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்றச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

கிளம்பும் முன்

வேலையைத் தொடரும் எண்ணம் இருந்தால், ஒப்பந்தத்தை ஒருமுறை வாசியுங்கள். 'ஊழியர்' என்று இருக்கிறதா, 'கன்சல்டன்ட்' என்று இருக்கிறதா? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எழுத்தில் இருக்கிறதா? பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கான ஆலோசனைப் பிரிவு இருக்கும். அங்கே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். ஏஜென்ட் வாயால் சொன்னதை நம்ப வேண்டாம். வேலை செய்த மணி நேரத்தைத் தேதிவாரியாகக் குறித்துவைப்பது நல்ல பழக்கம். வரி விஷயத்தை ஓர் ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "இந்த மாதம் எவ்வளவு அனுப்புவாய்?" என்று ஊரிலிருந்து கேட்கும் கேள்விதான், பல பிள்ளைகளை 20 மணி நேரத்தைத் தாண்ட வைக்கிறது. போகும் முன்பே செலவையும் கடன் தவணையையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிள்ளையின் சம்பளத்தை நம்பித்தான் படிப்பே நடக்கும் என்றால், ஓராண்டு தள்ளிப்போடுவது நஷ்டமல்ல.