எந்த ட்ரில் மெஷின் வாங்குவது?

கடைக்கு வருபவர்களில் அதிகமானோர் முதலில் கேட்பது விலையைத்தான். நான் திருப்பிக் கேட்பது, "எதில் துளை போடப் போகிறீர்கள்?" என்று.

பற்றரியில் இயங்கும் சாதாரண ட்ரில் சுழல மட்டுமே செய்யும். பலகை, தகரம், பிளாஸ்டிக்கில் துளையிடவும் ஸ்க்ரூ ஆணி முடுக்கவும் அது தாராளமாகப் போதும். ஹெமர் ட்ரில் சுழலும்போதே முன்னும் பின்னும் தட்டும். உள்ளே பல் வெட்டிய இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குவதால், முழு வேகத்தில் நிமிடத்துக்கு 20,000க்கும் மேற்பட்ட சிறு அடிகள் விழும். செங்கல்லும் சீமெந்துக் கல்லும் நொறுங்குவது அந்த அடியினால்தான். மெஷினின் கழுத்து வளையத்தில் சுத்தியல் படம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஹெமர் ட்ரில்.

திரைச்சீலை பொருத்தும் ஒருவருக்கு, விலை குறைவாகக் கேட்டார் என்பதற்காக ஒருமுறை சாதாரண ட்ரிலைக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் கருகிய பிட்டுடன் வந்தார். ஜன்னலுக்கு மேலுள்ள கொங்கிரீட் லின்டலில் துளை இறங்கவில்லை. ஒப்புக்கொண்ட வேலையும் கைநழுவிவிட்டது. பிழை என்னுடையது. கேட்காமல் விற்றேன்.

ஹெமர் ட்ரில் வாங்குபவரும் கவனிக்க வேண்டும். பலகைக்கும் இரும்புக்கும் ஹெமரை நிறுத்திவிடுங்கள். சுவருக்கு கார்பைட் முனையுள்ள பிட்டையே போடுங்கள். நாள் முழுக்க கொங்கிரீட்டில் பெரிய துளை போடுபவருக்கு இதுவும் போதாது, எஸ்.டி.எஸ். ரோட்டரி ஹெமரே தேவை.

தச்சு வேலைக்காரர் ஹெமருக்கென்று கூடுதல் பணமும் பாரமும் சுமக்கத் தேவையில்லை. சுவர் வேலைக்காரர் அதில் மிச்சம் பிடிக்கவும் கூடாது.