மோட்டார் வண்டியின் எண்ணெய் வடிகட்டியும் எண்ணெய் மாற்றும் காலமும்

செட்டிநாட்டு ஊர்களுள் ஒன்றாகிய கீழச்சிவல்பட்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பெரிய வீடுகள் பல வருஷத்தின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. வீட்டுக்காரர்கள் சென்னை முதலிய வெளியூர்களிலும் அயல்நாடுகளிலும் தொழில் நடத்துகின்றனர். கல்யாணம், சாந்தி, கோயில் திருவிழா ஆகிய விசேஷங்களுக்கே ஊர் திரும்புகின்றனர். இத்தகைய வீட்டின் கொட்டகையில் பழைய அம்பாஸடர் கார் ஒன்று துணி போர்த்தி நிற்பதுண்டு. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் அதை நாள்தோறும் துடைத்து வைக்கிறார். வர்ணம் மங்கவில்லை; இருக்கைத் துணி கிழியவில்லை; டயர்களில் காற்றுக் குறையவில்லை. வெளிப்பார்வைக்கு வண்டி நேற்று வாங்கியதுபோலவே இருக்கும்.

இவ்வண்டி வருஷத்தில் 500 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். எண்ணெய் மாற்ற வேண்டிய தூரமோ 5,000 கிலோமீட்டர் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். அக்கணக்கின்படி ஒருமுறை ஊற்றிய எண்ணெய் பத்து வருஷத்திற்குப் போதுமே, ஓடாத வண்டிக்கு எண்ணெய் மாற்றுவானேன் என்று உரிமையாளர் நினைப்பது இயல்பு. சிக்கனம் ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்குப் பழகிய குணமே. ஆயினும் இந்த ஒரு விஷயத்தில் அச்சிக்கனம் நஷ்டத்தில் கொண்டுபோய் விடும். அதிகம் ஓடும் டாக்ஸியின் எண்ணெயைவிட, அசையாமல் நிற்கும் காரின் எண்ணெய் விரைவிலே கெடக்கூடும் என்பதே இங்கு அறிந்துகொள்ள வேண்டுவது.

எண்ணெய் கெடும் விதம் இரண்டு. முதலாவது, தூசியும், உலோகத் தேய்மானத் துகளும், கரியும் அதிற் சேர்தல். இப்பிரதேசத்துச் செம்மண் தூசியில் மணற்கூறு உண்டு. அது எஞ்சினுள் புகுந்தால் அரம்போல் அராவும். தூசியை வாயிலிலேயே தடுப்பது காற்று வடிகட்டி. அதைச் சுத்தம் செய்யாமல் விட்டுவிட்டு, விலையுயர்ந்த ஆயில் பில்டர் தேடுவது, வாசற்கதவைத் திறந்துபோட்டுப் பெட்டகத்திற்குப் பூட்டு வாங்குவதை ஒக்கும்.

இரண்டாவது விதமே கொட்டகைக் காருக்கு உரியது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. அதிற் பெரும்பகுதி ஆவியாகிப் புகைக்குழாய் வழியே போய்விடும். சிறிதளவு பிஸ்டன் வளையங்களைக் கடந்து எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறி ஓடினால் அந்நீர் மறுபடி ஆவியாகி வெளியேறும். சூடேறுமுன் நிறுத்திவிட்டாலோ, உள்ளேயே தங்கி, எரிந்த வாயுக்களோடு கலந்து புளிப்பு நீராகிப் பேரிங்குகளை அரிக்கும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் மோர் படிந்தாற்போல் வெளுத்த பசை காணப்படுவது இதன் அடையாளம். மேலும், கார்புரேட்டர் உள்ள பழைய எஞ்சினைக் கிளப்புகையில் 'சோக்' இழுப்பதால், எரியாத பெட்ரோலும் எண்ணெயிற் கலந்து அதை நீர்க்கச் செய்யும். அளவுகோலை உருவி முகர்ந்தால் பெட்ரோல் வாசனையே காட்டிக்கொடுக்கும்.

இங்கே பில்டரைப் பற்றிய ஒரு மயக்கத்தைத் தெளிவித்தல் அவசியம். பில்டர் திடப்பொருளை மட்டுமே பிடிக்கும். நீரையும், புளிப்பையும், கலந்துவிட்ட பெட்ரோலையும் அது பிடிக்காது. ஆகவே பழைய எண்ணெயை வைத்துக்கொண்டு பில்டரை மட்டும் புதிதாகப் போடுவதால் எண்ணெய் புதிதாகிவிடாது. எண்ணெயின் நிறத்தைக் கொண்டு முடிவு செய்வதும் தவறு. கரியைக் கரைத்துத் தாங்கும் மருந்து எண்ணெயிலேயே சேர்க்கப்பட்டிருப்பதால், நல்ல எண்ணெயும் சில நாளிற் கறுத்துவிடும். டீசல் எஞ்சினில் அன்றைக்கே கறுக்கும். கறுத்தது வேலை செய்ததற்கு அடையாளமேயன்றிக் கெட்டதற்கு அன்று. நின்ற காரிலோ, தேன் நிறம் மாறாத எண்ணெயிலும் நீர் மறைந்திருக்கலாம்.

ஆதியில் மோட்டார் வண்டிகளுக்கு ஆயில் பில்டர் என்பதே இல்லை. 1923-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்டு, ஜார்ஜ் கிரீனால் என்ற இருவர் 'ப்யூரோலேட்டர்' என்னும் வடிகட்டியை அமைத்தனர். முற்காலத்து வடிகட்டிகள் பலவற்றில் எண்ணெயின் ஒரு பகுதியே காகிதத்தையோ துணியையோ கடந்து சென்றது. மற்றது வடிகட்டப்படாமலே சுற்றியது. பம்பு தள்ளும் எண்ணெய் முழுவதும் முதலில் வடிகட்டியைக் கடந்த பின்னரே பேரிங்குகளுக்குச் செல்லும் முறை பிற்காலத்தில் வந்தது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி வங்காளத்து உத்தரபாராவில் அம்பாஸடரை 1957 முதல் 2014 வரை உற்பத்தி செய்தது. அது இங்கிலாந்து தேசத்து மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழிவந்தது. நெடுங்காலம் அதில் இருந்த 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினில் பில்டர், கிண்ணம் ஒன்றினுள் வைத்து நடு போல்ட்டால் முடுக்கும் அமைப்பை உடையது. பின்னர் வந்த வண்டிகளில் பெரும்பாலும் டப்பாவைப்போல் கையால் திருகி மாட்டும் பில்டரே காணப்படும்.

இனிப் பில்டரைத் தேர்ந்தெடுக்கும் முறை. எல்லாவற்றிற்கும் முதலில் பார்க்க வேண்டியது, அது அந்த எஞ்சினுக்கென்றே குறிக்கப்பட்டதா என்பது. மரை ஒத்து வந்து திருகில் ஏறிவிட்டால் போதும் என்று சில கடைகளிற் கூறுவர், அது போதாது. பில்டரினுள்ளோ எஞ்சின் உடம்பிலோ மாற்றுவழி வால்வு ஒன்று உண்டு. காகிதம் அடைத்துக்கொண்டாலும், விடியற்காலையில் எண்ணெய் தடித்திருந்தாலும், அவ்வால்வு திறந்து வடிகட்டாத எண்ணெயையாவது பேரிங்குகளுக்கு அனுப்பும். அழுக்கெண்ணெய் தீமைதான், எண்ணெயே இல்லாமை அதனினும் பெரிய தீமை. இவ்வால்வை எஞ்சினில் வைக்காமல் பில்டரில் எதிர்பார்த்துச் செய்த வண்டிக்கு, வால்வு இல்லாத பில்டரை மாட்டினால் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

நெடுநாள் நிற்கும் வண்டிக்கு இன்னொரு வால்வு முக்கியம். பில்டர் படுக்கையாகவோ தலைகீழாகவோ அமைந்த எஞ்சின்களில், வண்டி நின்றபின் அதிலுள்ள எண்ணெய் தொட்டிக்கு இறங்கிவிடும். மறுமுறை கிளப்புகையில் சில விநாடி எஞ்சின் உலர்ந்தே சுழன்று 'கடகட' என்று ஓசையிடும். இதைத் தடுக்க, எண்ணெய் பின்வாங்காதபடி மூடும் ரப்பர்த் தட்டு ஒன்று நல்ல பில்டர்களில் இருக்கும். சாதாரண ரப்பரைவிட ஸிலிகோன் ரப்பர் வெப்பத்தில் விறைக்காமல் அதிகநாள் நிற்கும். இதற்குச் சற்று அதிக விலை கொடுப்பது வீணன்று. அம்பாஸடரின் தொங்கும் கிண்ணத்தில் எண்ணெய் தானே தங்குவதால் அவ்வண்டிக்காரர் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

காகிதத்தின் நுண்மையைப் பற்றி டப்பாக்களில் பெரிய எழுத்தில் அச்சிடுகின்றனர். மனிதர் தலைமயிரின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான். எஞ்சினைத் தேய்க்கும் துகள்களோ 10, 20 மைக்ரான் அளவினவே. எத்தனை மைக்ரான் என்ற எண்ணை மாத்திரம் சொல்லி, அவ்வளவுள்ள துகளில் நூற்றுக்கு எத்தனையைப் பிடிக்கும் என்று சொல்லாத டப்பாவின் விளம்பரத்திற்குப் பெருமதிப்புத் தர வேண்டாம். வண்டிக் கம்பெனியார் குறித்ததையோ பெயர்பெற்ற உற்பத்தியாளர் அதே எஞ்சினுக்குச் செய்ததையோ பில் போட்டுக் கொடுக்கும் கடையில் வாங்குவதே சிலாக்கியம். போலிச் சரக்கு இத்தொழிலில் உண்டு. அதனுள் காகித மடிப்புக் குறைவாகவும், பசை ஒட்டாமலும், தகடு மெல்லியதாகவும் இருக்கும். நல்ல பில்டரின் விலை சில நூறு ரூபாய். எஞ்சினைப் பிரித்து வேலை செய்யும் செலவு பல்லாயிரம்.

எண்ணெயைப் பொறுத்தவரை, பழைய எஞ்சினுக்கு 20டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50 என்ற தடித்த வகையே பொருந்தும். முன்னெண் குளிரில் அதன் ஓட்டத்தையும், பின்னெண் சூட்டில் அதன் தடிப்பையும் குறிக்கும். செட்டிநாட்டில் உறைபனிக் குளிர் இன்மையால் முன்னெண் சிறிதாயிருப்பதில் பெரிய லாபம் இல்லை. இக்காலத்துச் சிறு கார்களுக்கென்று வரும் 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய எண்ணெயை அம்பாஸடரில் ஊற்றலாகாது. அவற்றில், பழைய எஞ்சின்களின் டாப்பெட்டைக் காக்கும் துத்தநாக பாஸ்பரஸ் மருந்தின் அளவும் குறைவு.

மாற்றும் காலம் யாது? புதிய கார்கள் பலவற்றிற்குக் கம்பெனியார் 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், இவற்றுள் எது முந்துகிறதோ அது, என்று கெடு வைக்கின்றனர். அம்பாஸடர் போன்ற பழைய வண்டிக்கு 5,000 கிலோமீட்டர் தக்கது. 'எது முந்துகிறதோ அது' என்ற சொற்களையே பலர் படிக்காமல் விடுகின்றனர். கடன் பத்திரத்தில் வாய்தாத் தேதியைப் படிக்காமல் கையெழுத்திடுவதற்கு இது ஒப்பாகும். கொட்டகைக் காருக்கு முந்துவது எப்போதும் மாதக்கணக்கே. ஆகையால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருஷத்திற்கு ஒருமுறை எண்ணெயும் பில்டரும் சேர்த்து மாற்ற வேண்டும். ஊருக்குள்ளேயே கோயிலுக்கும் கடைக்கும் மாத்திரம் ஓடும் வண்டியாயின் 6 மாதத்திற்கு ஒருமுறை நன்று. அதற்காக 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவதும் வேண்டாம். அது எண்ணெய்க் கடைக்காரருக்கே உதவும்.

எப்போது மாற்றுவது என்பதும் கவனிக்கத்தக்கது. ஊருக்கு வந்தவுடன் புது எண்ணெய் ஊற்றி, விசேஷம் முடிந்தபின் அப்படியே நிறுத்திவிட்டுச் செல்வதே வழக்கமாக இருக்கிறது. இது தலைகீழ் முறை. ஓடி அழுக்கும் புளிப்பும் சேர்ந்த எண்ணெய் பல மாதம் பேரிங்குகளை ஊறவைக்கும். விசேஷம் முடிந்து வண்டியை நிறுத்துமுன் மாற்றுவதே சரி. இடையில், வாரம் ஒருமுறை கொட்டகையிலேயே ஐந்து நிமிஷம் எஞ்சினை உறுமவிட்டு அணைப்பதும் தீமையே. மேலே சொன்ன நீர் அதனால்தான் சேர்கிறது. மாதம் ஒருமுறை திருப்பத்தூர் வரை ஓட்டித் திரும்பினால் எண்ணெய் நன்றாகச் சூடேறும். அதற்கு ஆள் இல்லையேல் கிளப்பாமலே விடுவது மேல்.

மாற்றும்போது எஞ்சின் சூடாக இருத்தல் வேண்டும். அழுக்கு அப்போதுதான் எண்ணெயோடு இறங்கும். பழைய பில்டரைக் கழற்றியபின் அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அம்பாஸடரில் இவ்வளையம் பள்ளத்திற்குள் புதைந்திருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். பழைய வளையத்தின் மேல் புதியது அமர்ந்தால், எஞ்சின் கிளம்பிய சிறிது நேரத்தில் எண்ணெய் முழுவதும் தரையில் கொட்டிவிடக்கூடும். புதிய வளையத்தில் சிறிது எண்ணெய் தடவிக் கைப்பலத்தால் முடுக்குக. திருகு டப்பாவுக்கு ஸ்பானர் வேண்டாம். எஞ்சினைச் சிறிது ஓடவிட்டு நிறுத்தி, கசிவு பார்த்து, சில நிமிஷங் கழித்து அளவுகோலைப் பார்க்கலாம். தேதி, மீட்டர் எண், எண்ணெய் வகை, பில்டர் எண் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் குறித்து வண்டியிலேயே வைத்தால், அடுத்து வருபவர் எவரையும் கேட்க வேண்டியிராது.

இறக்கிய பழைய எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டிச் சக்கரத்திற்குப் போடுவதும், கரையானுக்காக மரத்திற் பூசுவதும் கிராமங்களில் உண்டு. பர்மாத் தேக்குத் தூண்களுக்கு இதைப் பூசுதல் தூணையும் கெடுக்கும், தொடுபவர் தோலுக்கும் ஆகாது. ஊருணிக் கரையிலோ வடிகால் வாய்க்காலிலோ ஊற்றுவது அதனினும் கேடு. மழையில் அது ஊருணியிலே போய்ச் சேரும். உபயோகித்த எண்ணெய் 2016-ஆம் வருஷத்து அபாயக் கழிவு விதிகளுக்கு உட்பட்டது. மூடியுள்ள டின்னில் ஊற்றி, நீரோ வேறு சரக்கோ கலவாமல் வைத்து, பழைய எண்ணெயைச் சேகரித்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் மோட்டார் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும். கழற்றிய பில்டரையும் ஓர் இரவு கவிழ்த்து வடியவிட்டு அதனோடு கொடுத்துவிடலாம்.